நூலாடாது என்று சொன்னது எதுகைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் பழமொழிகளின் உண்மைப் பொருள் என்று ஒரு பக்கம் வந்திருந்தது. ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்பது தப்பாம், ‘ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்’ என்பதுதான் சரியாம். அதாவது ஆனி மாதத்து மூலம் உசத்தி, மூலத்தின் கடைசிப் பாதம் ஆகாது. எழுதியவருக்கு நல்ல மனசு, மூல நட்சத்திரப் பெண்களைக் காப்பாற்றத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் நிர்மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதை இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டார், அவ்வளவுதான்.

மூலம் என்றால் வேர். நிர்மூலம் என்றால் வேரே இல்லாமல் போவது. நட்சத்திரத்தின் பெயருக்கு முன்னால் ‘நிர்’ போட்டால் பழமொழி தயார், இதற்கு வானத்தை அண்ணாந்து பார்க்கவே வேண்டாம்.

மற்றதையும் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பரணி தரணி ஆளும். மகம் ஜகம் ஆளும். கேட்டையில் பிறந்தால் கோட்டை கட்டலாம். அவிட்டத்துக்குத் தவிட்டுப் பானையிலும் பணம். எல்லாவற்றிலும் இரண்டாம் எழுத்து அச்சாகப் பொருந்துகிறது. பள்ளிக்கூடத்தில் எதுகைக்கு உதாரணம் கேட்டால் இதையே எழுதி மார்க் வாங்கலாம். ‘பூராடம் நூலாடாது’ (பூராடத்துப் பெண் கழுத்தில் தாலிக் கயிறு தங்காதாம்) மட்டும் கொஞ்சம் பிசகுகிறதே என்று பார்த்தால், ரகரமும் லகரமும் இடையினம், இடையின எதுகை என்று அதற்கும் இலக்கணத்தில் இடம் இருக்கிறது! எதுகை அமையாத இடத்தில் பெயரின் அர்த்தம் கை கொடுத்திருக்கிறது. கேட்டைக்கு வடமொழியில் ஜ்யேஷ்டா, மூத்தவள் என்று பொருள், அதனால் கேட்டைப் பெண் மூத்த மைத்துனருக்கு ஆகாது என்று ஒரு வழக்கு. அவிட்டம் அங்கே தனிஷ்டா, உள்ளே தனம் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாமே சத்தத்தில் பிறந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரோகிணி தாய்மாமனுக்கு ஆகாது என்பதன் பின்னால் கிருஷ்ணனும் கம்சனும் நிற்கிறார்கள். ஏழரைச் சனிக்குக் கணக்கே இருக்கிறது, சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய 29½ வருஷம், ராசிக்கு இரண்டரை, நம் ராசிக்கு முந்தியது, நம்முடையது, அடுத்தது என்று மூன்றையும் கூட்டினால் ஏழரை. அது பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு, கூட்டல் சரி. ஆனால் ‘ஆறிலும் சாவு நூறிலும் சாவு’ என்பதைக் கர்ணன் தலையில் ஏற்றி, பாண்டவரோடு ஆறாவது ஆளாகப் போனாலும் சாவு, கௌரவர் நூறு பேரோடு நின்றாலும் சாவு என்று விளக்கம் சொல்கிறார்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆறு வயசிலும் சாகலாம், நூறு வயசிலும் சாகலாம், ஆறும் நூறும் எதுகை. கர்ணன் அப்புறம் வந்து சேர்ந்திருப்பார்.

எண்களுக்கு அடிக்கும் அதிர்ஷ்டமும் பாதிக்கு மேல் இப்படித்தான். சீன மொழியில் எட்டு என்பதன் உச்சரிப்பு செழிப்பைக் குறிக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்காக 2003-ல் சிச்சுவான் ஏர்லைன்ஸ் எட்டு இலக்கமும் எட்டாகவே உள்ள ஒரு போன் நம்பரை 23 லட்சம் யுவானுக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் 2008-ம் ஆண்டு 8-ம் மாதம் 8-ம் தேதி இரவு 8 மணிக்குத் தொடங்கியது. நாலு அங்கே சாவு போல ஒலிக்கிறது, அதனால் பல கட்டடங்களில் நாலாம் மாடியே இல்லை. ஜப்பானில் நாலோடு ஒன்பதும் கெட்டது, ‘கு’ என்றால் ஒன்பது, துன்பமும் ‘கு’. இத்தாலிக்காரர்களுக்குப் பதினேழு ஆகாது. ரோமன் எண்ணில் பதினேழை எழுதி அந்த எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ‘விக்ஸி’ என்ற லத்தீன் சொல் வருகிறது, ‘வாழ்ந்து முடித்தேன்’ என்று அர்த்தம். நட்சத்திரத்தை வைத்து நாம் செய்ததை அவர்கள் எண்ணை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் காதை மட்டும் நம்பியிருந்தால் எட்டு நமக்கு நல்ல எண்ணாகியிருக்க வேண்டும். எட்டு என்றால் எட்டிப் பிடி, நினைத்தது எட்டும், ஆசை எட்டும். எதுகைக்கே வேலை இல்லை, சொல் ஒன்றேதான். ஆனால் அயர்லாந்தில் பிறந்த கீரோ என்ற கைரேகைக்காரர் எட்டைச் சனிக்குக் கொடுத்தார், அவர் வழி எண்கணிதம் இங்கேயும் வந்து இறங்கியது, இன்றைக்கு வண்டி நம்பரின் கூட்டுத்தொகை எட்டு என்றால் முகம் சுளிக்கிறோம். பெயரை இங்கிலீஷில் எழுதும்போது ஒரு ‘ஏ’யைக் கூடுதலாகப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறோம். தமிழில் அந்தப் பெயர் இருந்தபடியேதான் இருக்கிறது, சனிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது போலிருக்கிறது.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். என் தங்கை பூராடம். அவளுக்கு வரன் பார்த்த காலத்தில் தரகர் ஒருவர் வீட்டுக்கு வருவார். ஜாதகக் குறிப்பின் மூலையில் மஞ்சள் தடவி அம்மா நீட்டுவாள். பெயர், படிப்பு, உயரம் என்று அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து நட்சத்திரத்தில் நின்றுவிடும். அப்புறம் எதுவும் படிக்க மாட்டார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ‘பாக்கலாம்மா’ என்பார். ஆறு வருஷம் அந்தப் பாக்கலாம்மாவைக் கேட்டோம். ஜாதகமே கேட்காத ஒருவர் வந்த பிறகுதான் கல்யாணம் நடந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை, இந்தச் சொலவடைகள் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன, எனக்கும் பிடிக்கும். புதிது புதிதாக உண்மைப் பொருள் கண்டுபிடித்து ஆனியையும் பின் பாதத்தையும் உள்ளே இழுக்காமல், இது எதுகை என்று ஒரு வரி போட்டால் போதும். பூராடத்தின் முறை வரும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்: நானும் பூராடம்தான். எனக்குப் பெண் பார்த்தபோதும் அதே தரகர், குறிப்பில் அதே இடத்தில் அதே வரி. நூல் விஷயத்தை அம்மாவே பயந்து பயந்து கேட்டாள். ‘பையனுக்கு அதெல்லாம் கிடையாதும்மா’ என்றார்.

இப்படிக்கு,
பூராடத்தில் பிறந்த வாசகன்