லேயா கோல்ட்பெர்கைப் படிக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

ஹீப்ரு கவிஞர் லேயா கோல்ட்பெர்க் பற்றிய என் நீண்ட கட்டுரை ஒருவழியாக முடிந்துவிட்டது. மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது. நீங்கள் இல்லாவிட்டால் இன்னும் முதல் கவிதையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

எல்லாம் ஒரு ரூபாய் நோட்டில், இல்லை, ஷேக்கல் நோட்டில் தொடங்கியது. ஆராய்ச்சி வேலைக்காக ஜெருசலேம் வந்த முதல் வாரம். காய்கறிக் கடைக்காரரிடம் ஆரஞ்சு நிற 100 ஷேக்கல் நோட்டை நீட்டி, "இதில் இருக்கும் அம்மா யார்?" என்று கேட்டேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, அவர் கோல்ட்பெர்க் எழுதிய குழந்தைக் கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஐந்து மாடிக் கோபுரத்தில் எலி காலி செய்துவிட்டுப் போன வீடு. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் குடியிருப்பவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் வீடு சுமார்தான், அக்கம்பக்கம் நல்லது என்று புறா குடிவருகிறது. ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. அன்று மீதிச் சில்லறை வாங்க மறந்ததும் உங்களால்தான்.

அப்புறம் என் மொழி வகுப்பு ஆசிரியை. ஹீப்ரு செய்தித்தாளிலும் நாவலிலும் உயிரொலிக் குறிகள் இருக்காது. கவிதைக்கும் குழந்தைப் புத்தகத்துக்கும் மட்டும் புள்ளியும் கோடும் போட்டு அச்சிடுவார்கள். "நாவலை விடு, கவிதையைப் பிடி" என்று நீங்கள் சொன்னது ரசனையால் அல்ல, என் தகுதியைப் பார்த்து என்று பின்னால்தான் புரிந்தது. நல்ல யோசனை.

மேல்மாடிப் பாட்டி என் முதல் வரைவை முதல் வரியிலேயே நிறுத்தினார். கோல்ட்பெர்க் லிதுவேனியாவில் பிறந்ததாக எழுதியிருந்தேன். வளர்ந்ததுதான் லிதுவேனியாவின் கோவ்னோ நகரில், பிறந்தது 1911இல், அன்று ஜெர்மனியில் இருந்த கோனிக்ஸ்பெர்கில். முதல் உலகப் போர் முடிந்து குடும்பம் ரஷ்யாவிலிருந்து திரும்பியபோது, எல்லைக் காவலர்கள் அவருடைய அப்பாவை போல்ஷெவிக் உளவாளி என்று பிடித்துவைத்தார்கள். நாள்தோறும் சுடுவதுபோல நிறுத்தி, கடைசி நொடியில் விட்டார்கள். அப்பாவின் மனநிலை அதன்பின் தேறவே இல்லை. இந்தப் பகுதியை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நாலு வரி போதும் என்றவர் பாட்டிதான்.

வீட்டில் ரஷ்ய மொழி பேசிய அந்தப் பெண், ஹீப்ருவில் எழுதாவிட்டால் எழுதாததற்குச் சமம் என்று பதினைந்து வயதில் டைரியில் தீர்மானித்தார். 1933இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், 1935இல் டெல் அவிவ். பழைய இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் சானெட்டுகளை, அதாவது பதினான்கு வரிக் கவிதைகளை, இத்தாலியனிலிருந்தும், டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை ரஷ்யனிலிருந்தும் ஹீப்ருவுக்குக் கொண்டுவந்தார். (நம்மிடம் டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று செய்தாரே, அதே நாவல்.) இத்தாலியன், ஹீப்ரு என இரண்டு பெட்ரார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டிய இத்தாலிய நண்பருக்கு ஒரு முழு இரவு கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் அதிகம் படுத்தியது 'பைன்' என்ற சின்னக் கவிதை. இங்கே மரம் பனியால் தலைப்பாகை கட்டாது என்கிறார். அதற்கு அவர் போட்ட சொல் 'மிட்ஸ்னெஃபெட்', பழைய ஏற்பாட்டில் ஆசாரியன் தலையில் கட்டுவது. 'குல்லா' என்று எழுதிவைத்திருந்தேன், வெட்கம்தான். பாளையங்கோட்டை அத்தைக்கு போன் போட்டேன். "யாத்திராகமம் 28ஐப் பாருடா, 'பாகை'ன்னு இருக்கு" என்றார்கள், கண்ணாடிகூடப் போடாமல். சரி, பாகை. அதே கவிதையில் தாய்நாட்டைக் குறிக்கும் 'மொலெடெட்' பிறப்பு என்ற வேரிலிருந்து வந்தது. பிறப்பு ஒன்றுதானே, அந்தச் சொல்லைப் பன்மையாக்கி இரண்டு தாய்நாடுகளின் வலி என்கிறாரே என்று நான் குழம்ப, "தாயகம்னு போட்டா தாயும் ரெண்டாயிடுவா, 'பிறந்த மண்'னு போடு" என்றதும் அத்தைதான்.

1970இல் கோல்ட்பெர்க் இறந்த பிறகு அறிவிக்கப்பட்ட இஸ்ரேல் பரிசை அவருடைய அம்மா போய் வாங்கினார். கட்டுரை அங்கேதான் முடிகிறது. தவறு ஏதும் இருந்தால் அது என்னுடையது.

அத்தைக்குப் பிரதி தபாலில் வருகிறது. காய்கறிக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, நானே கடைக்குப் போய் ஹீப்ருவில் சொல்லிக்காட்டுவதாக ஏற்பாடு. ஓய்வுநாளுக்கு முந்தைய கூட்டம், அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் வரவேண்டாம் என்றிருக்கிறார்.