இரண்டு கடல், இரண்டு பாசி: வேதாளை பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ராமநாதபுரம் மாவட்டம் வேதாளை கிராமத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். மண்டபம் பக்கத்து ஊர் ஒன்றுக்குச் சென்னைப் பதிப்பில் அரைப் பக்கம் கிடைத்ததே பெரிய விஷயம். வேதாளையின் பெயர் நாளிதழ்களில் அடிபடுவதெல்லாம் பெரும்பாலும் கடல் அட்டை (பிடிக்கத் தடை உள்ள கடல் உயிரினம்) பிடிபட்ட செய்தியில்தான். பள்ளிவாசல், மீன் ஏலம், நோன்புக் கஞ்சி என்று இந்தத் தடவை வேறு முகம் காட்டியதற்கு நன்றி.

ஆனால் கட்டுரையின் நடுவே ஒரு பத்தி எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. பெண்கள் கடலில் பாசி வளர்ப்பதாகவும், நோன்பு திறக்கும்போது சாப்பிடும் கடல்பாசி இனிப்பு அதிலிருந்துதான் வருவதாகவும், அந்தப் பாசி எடுப்பதால் பவளப்பாறை அழிவதாகவும் அந்தப் பத்தி சொல்கிறது. மூன்றில் ஒன்றுகூட இன்னொன்றோடு ஒட்டாது. எடுக்கிற பாசி வேறு, வளர்க்கிற பாசி வேறு. இரண்டும் இருக்கும் கடலும் வேறு. இதைச் சேர்த்துக் கட்டியதில், மூச்சைப் பிடித்து முங்கிப் பிழைக்கும் பெண்கள் தலையில் செய்யாத குற்றம் வந்து விழுந்திருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். ராமேசுவரம் நெடுஞ்சாலையில் மண்டபத்துக்குச் சற்று மேற்கே இருக்கிறது வேதாளை. பனைக்குளம், இருமேனி, புதுமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று முஸ்லிம்கள் நிறைந்த ஊர்கள் வரிசையாக உள்ள கரை இது. அந்த இடத்தில் நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஊரார் வாயில் அவை தென்கடல், வடகடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் புரண்டு எழும். அப்போது வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழ். வருடத்தில் எந்த மாதமானாலும் ஏதாவது ஒரு கடலில் தொழில் நடக்கும் என்பதுதான் இந்தக் கரையின் பலம். கட்டுரையாளர் ஒரு கடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

இயற்கையாக விளையும் பாசியை எடுப்பது தென்கடலில். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கடா பாசி என்று நான்கு வகை முக்கியம். முதல் இரண்டிலிருந்து அகர் என்ற உறைய வைக்கும் பொருள் கிடைக்கும். கடையில் நாம் வாங்கும் கடல்பாசி அதுதான். மற்ற இரண்டும் ஆல்ஜினேட் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் தயாரிக்கப் போகும். இவற்றில் விலை மதிப்புள்ளது மரிக்கொழுந்து. விரல் நீளம்கூட வளராத, கம்பி போல முறுக்கான பாசி. இறந்துபோன பவளக் கல்லின் மேல் ஒட்டி வளரும்.

இந்த வேலைக்கான சாமான்கள் கொஞ்சம்தான். முகத்துக்கு ஒரு கண்ணாடி, விரல்களில் சுற்றத் துணியோ ரப்பர் உறையோ, பாதத்துக்கு ரப்பர் அடி, இடுப்பில் வலைப்பை. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள், கல்லும் சொறிமீனும் உரசாமல் இருக்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் வள்ளத்தில் போய், மூச்சை அடக்கி முங்கி, கையால் கிள்ளி எடுப்பார்கள். கிள்ளுவதில்தான் தொழில் நுணுக்கம் இருக்கிறது. அடிவேர் கல்லோடு நின்றால் பாசி மறுபடி துளிர்க்கும். வேரோடு பிய்த்தாலோ தகடு வைத்துச் சுரண்டினாலோ அந்தக் கல்லில் நெடுநாள் ஒன்றும் வராது. அதனால்தான் சுரண்டும் இரும்பு கூடாது, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு விடுவது என்று பெண்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீக்காலஜி பரிசு கிடைத்தது இந்தக் கட்டுப்பாட்டுக்காகவும், பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காக நின்றதற்காகவும்தான். கட்டுரையில் அவர் பெயர் இல்லை.

இவர்களுக்கு இருக்கும் உண்மையான சிக்கல் தீவுகள். 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் அதற்குள் போனது. முயல்தீவு, மனோலி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை எல்லாம் அதில் அடக்கம். மரிக்கொழுந்து நன்றாக விளையும் கல்லும் அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் இருக்கிறது. தாயும் பாட்டியும் முங்கிய இடத்தில் மகள் முங்கினால் அத்துமீறல். வள்ளம் பறிமுதல், அபராதம். பவளத்தைக் காக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கையால் கிள்ளுவதற்கும் விசைப்படகின் இழுவை மடி (இழுவலை) கடலடியை வழித்துக்கொண்டு போவதற்கும் சட்டம் கொஞ்சமாவது வித்தியாசம் பார்க்க வேண்டும்.

இனி வடகடலில் வளர்க்கும் பாசி. இதன் பெயர் கப்பாபைகஸ். கரையில் கேட்டால் 'பெப்சி பாசி' என்பார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இதைப் பரப்பியது. 2008இல் அது விலகிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தக் கடலுக்குச் சொந்தமில்லாத, வெளியிலிருந்து வந்த இனம். 1990களில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையத்தில் சோதித்துப் பார்த்துக் கரைக்கு வந்தது. இதிலிருந்து கிடைப்பது அகர் இல்லை, கேராஜீனன். ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றில் சேர்ப்பார்கள். பச்சையாகப் பிழிந்த சாறு வயலுக்குத் தெளிக்கும் உரமாகிறது. நோன்புத் தட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

வளர்க்கும் முறையைக் கட்டுரை 'கயிற்றில் கட்டி விடுகிறார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஒரு மிதவை என்பது 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். மூலை விலகாமல் இருக்க நான்கு மூலையிலும் குறுக்கு மூங்கில். சட்டத்தில் 20 கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் 20 துண்டு, துண்டு ஒன்று சுமார் 150 கிராம். ஆக, ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி வேண்டும். அடியில் வலை கட்டுவது கட்டாயம். இல்லாவிட்டால் ஓரா மீன் கூட்டமாக வந்து இளந்தளிரை மேய்ந்துவிடும். மிச்சம் இருப்பது அலையில் அறுந்து போகும். மிதவைகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்துக் கட்டி நங்கூரம் போடுவார்கள். 45 நாளில் அறுவடை. நல்ல பருவத்தில் மிதவைக்கு 240 முதல் 260 கிலோ பச்சைப் பாசி தேறும். அடுத்த நடவுக்கு 60 கிலோ எடுத்து வைத்துவிட்டு மீதியைக் காயவைத்தால் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 20 கிலோ அளவில் காய்ந்த பாசி. கையில் காசு தருவது அந்த 20 கிலோதான்; இதை வைத்துத்தான் ஒரு குடும்பத்துக்கு எத்தனை மிதவை தேவை என்று கணக்குப் போட வேண்டும்.

கெடுவது எங்கே என்றால், பங்குனி சித்திரையில். கடல்நீர் சூடேறினால் கிளைகள் நிறம் வெளுத்து, தொட்டால் ஒடிந்து விழும். ஐஸ்-ஐஸ் நோய் என்று இதற்குப் பெயர். இது வந்துவிட்டால் காத்திருப்பதில் பயனில்லை, மிச்சத்தை உடனே அறுத்துவிட வேண்டும். 2013க்குப் பிறகு வெப்பத்தால் பாசி கூட்டமாகச் செத்து, விதைக்கே வழியில்லாமல் பலர் தொழிலை விட்டார்கள். கயிற்றில் வேறு பாசி படிந்தாலும் வளர்ச்சி நிற்கும், அடிக்கடி உதறிக் கழுவ வேண்டும். காயவைக்கும்போது மழை விழுந்தால் உப்பு இறங்கிச் சரக்கு வெளுத்துவிடும். மணலில் நேரடியாகப் பரப்பினால் மண் ஒட்டி விலை இறங்கும். கரையில் ஒரு சிமெண்டுக் களமும் நாலு தார்ப்பாயும் இருந்தால் தீரும் நஷ்டம் இது.

பவளம் அழிவதாகக் கட்டுரை சொன்னது பொருந்துவது, அதன் மேல் படரும் இந்தக் கப்பாபைகஸுக்குத்தான். அது உண்மை. 2005இல் மாநில அரசு இதன் வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடபுறத்துக்கும் தூத்துக்குடிக்குத் தெற்குக்கும் என்று கட்டுப்படுத்தியது. இருந்தும் 2008இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் இது போர்வையாகப் படர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அறுந்த துண்டு ஒன்று போதும், விதையில்லாமலே வளர்ந்துவிடும். வனத்துறை கையால் பிய்த்து அகற்றினாலும் துணுக்கு தங்கினால் திரும்ப முளைக்கும். ஆகவே பழியைச் சரியான விலாசத்துக்கு அனுப்ப வேண்டும். மரிக்கொழுந்து எடுக்கும் பெண் இந்தக் கடலில் பிறந்த பாசியைத்தான் எடுக்கிறாள்.

கட்டுரையோடு வந்த சமையல் குறிப்பிலும் ஒரு தவறு. 'கடல்பாசி அல்லது ஜெலட்டின்' என்று போட்டிருந்தீர்கள். ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. எந்த விலங்கு என்று தெரியாமல் நோன்பாளி வீட்டில் அதைத் தொட மாட்டார்கள். சைவ வீட்டிலும் ஆகாது. தன்மையும் வேறு. ஜெலட்டின் சென்னை வெயிலில் மேசை மேல் வைத்தால் இளகும். அகர் அப்படியே நிற்கும். மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் ரமலான் மாலைகளில் தட்டுத் தட்டாகக் குளிர்பெட்டி இல்லாமலே விற்கிறார்களே, அது அகர் என்பதால்தான்.

அளவு: ஒரு லிட்டர் திரவத்துக்கு 10 கிராம் நார்க் கடல்பாசி. முதலில் அதைத் தண்ணீரில் ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு நார்கூடத் தெரியாமல் கரையும்வரை கொதிக்க விட வேண்டும். சர்க்கரை அதற்குப் பிறகு. பால் சேர்ப்பதானால் சூடான பால். குளிர்ந்த பாலை ஊற்றினால் அந்த இடத்திலேயே திரிதிரியாக உறைந்துவிடும். எலுமிச்சை, புளிப்புப் பழச்சாறு எதுவானாலும் அடுப்பை அணைத்த பின். புளிப்போடு கொதித்த அகர் சரியாக உறையாது.

கடல் அட்டை விவகாரத்துக்கு வருவோம். 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் அது சேர்க்கப்படும்வரை இந்தக் கரையில் அட்டை தொழில் சட்டப்படி நடந்த ஏற்றுமதித் தொழில். குடலை நீக்கி, அவித்து, மணலில் புதைத்து மேல்தோலைக் கழற்றி, மறுபடி அவித்துக் காயவைத்துச் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அனுப்பினார்கள். எதிர்க்கரையில், இலங்கையில், உரிமம் வாங்கினால் இன்றும் பிடிக்கலாம். கடத்தலை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பிடிபட்ட ஒருவருக்காக ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் போடும்போது, மாற்றுத் தொழில் என்ன கொடுக்கப்பட்டது என்ற கேள்வியையும் ஒரு வரியாவது எழுதலாம்.

வரலாற்றுப் பெட்டிச் செய்தியில் 'போர்த்துக்கீசியர் காலத்து ஊர்' என்று மட்டும் இருந்தது. 1538இல் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படையை நடத்திய மரைக்காயர்களும் போர்த்துக்கீசியத் தளபதி மார்ட்டிம் அபோன்சோ டி சூசாவின் படையும் மோதியது இங்கேதான்; போர்த்துக்கீசியர் வென்றார்கள். 1549இல் இயேசு சபைக் குரு அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டதும் இங்கேதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருவாடானை வட்டம் வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே விதைப்பாசி எவ்வளவு உற்பத்தியாகிறது, வேதாளை, மண்டபம் பக்கத்துப் பெண்கள் குழுக்களுக்கு அது எந்த மாதம், என்ன விலையில் வந்து சேரும் என்பதைத் தங்கள் செய்தியாளர் கேட்டு எழுதினால் நல்லது. வெயிலில் விதை செத்துப்போன பிறகு ஆடியில் வந்தால் ஒரு பருவம் போச்சு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மிதவை ஒன்றுக்கு 1,500 ரூபாய் என்று கணக்கிட்டுப் பெண்களுக்கு 60 சதவீத மானியம் தருகிறார்கள். இன்றைய மூங்கில், கயிறு, வலை விலையை வைத்து அந்த 1,500 ரூபாய் கட்டுமா என்று அதிகாரிகளிடமே கேட்கலாம். பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய அந்தப் பத்திக்குத் திருத்தத்தையும் அதே ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேதாளை, புதுமடம் வட்டார வாசகர்கள்,
மண்ணடி, சென்னை - 600 001.