குழி குளிரும் பாட்டு

2024 மே 5

அன்புள்ள கொடிமரம்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவாய் என்று தெரியும், திட்டிக்கொள். பேனாவை எடுக்கவே இத்தனை நாள் மனசு வரவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, தங்கச்சிக்குச் சர்க்கரை இறங்கியதா, எழுது. இங்கே பர்மாவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. போன வாரம் வடக்கே சவுக் ஊரில் 48.2 டிகிரி. கரண்ட் வரும் நேரம் பார்த்துத்தான் தண்ணீர் இறைக்கிறோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பூசாரி வீட்டு அக்கா போய்விட்டாள்.

மாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியக்காலை, தூக்கத்திலேயே. வயது 81. கூழ்ப் பானைக்குள் நீ கையை விட்ட அன்று வேப்பங்குச்சியை எடுத்துக்கொண்டு களத்துமேடு வரை உன்னை விரட்டினாளே, அந்தக் கால்கள் கடைசி இரண்டு வருஷம் நடக்கவில்லை. ஆனால் குரல் மட்டும் அப்படியே இருந்தது. போன பங்குனியில் நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்து தீமிதிக் குழி ஓரம் உட்கார வைத்தோம். காப்புக் கட்டு தொடங்கி அக்னி இறங்கும்வரை ஒரு வரி பிசகாமல், அம்மனைக் கூப்பிடும் வர்ணிப்பைப் பாடி முடித்தாள்.

அவள் போனபோது திருவிழாவுக்கு 26 நாள் இருந்தது. கோயில் கமிட்டி கூடியது. இந்த வருஷம் குழி வேண்டாம், ரங்கூனிலிருந்து ஒரு குருக்களை வரவழைத்து அபிஷேகம், அர்ச்சனை, அன்னதானம் என்று அழகாக முடித்துவிடுவோம், பாட்டுக்கு போனில் எதையாவது போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணத்தை நான் தள்ளிவிட முடியாது. பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்தது உனக்குத் தெரியும். ஆண்களில் 18 முதல் 35 வரை, பெண்களில் 18 முதல் 27 வரை. அதற்குப் பிறகு நம் தெருவில் மீசை முளைத்த பையன் ஒருவனைப் பார்ப்பது கஷ்டம். தாய்லாந்துக்குப் போனவன் பாதி, போக வழி தேடிக்கொண்டிருப்பவன் பாதி. கரகம் தூக்க ஆள் இல்லை, பம்பை அடிக்க ஆள் இல்லை, பாட ஆள் இல்லை. பிறகு குழி எதற்கு?

ஆனால் அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. "இதெல்லாம் கூலிக்காரச் சனத்துப் பழக்கம், இனியாவது பெரிய கோயில் முறைப்படி செய்வோம்" என்றார்கள். எழுந்து நின்று கத்திவிட்டேன். ரங்கூன் பெருமாள் கோயிலில் வேதம் ஓதினால் நானும் கை கூப்பிக்கொண்டுதான் நிற்கிறேன். அது அந்தக் கோயிலின் முறை. நம் ஆத்தாளைக் கொண்டுவந்தது யார்? கூலிக்கு ஆள் பிடித்த மேஸ்திரி பின்னால் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, சதுப்பு நிலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று நெல் நட்டவர்கள். குருக்கள் யாரும் கூட வரவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, தெரிந்த தமிழில் கூப்பிட்டார்கள். அவளும் வந்தாள். அந்தக் கூப்பாடுதான் வர்ணிப்பு. அதில் துறையின் பெயர் வருகிறது, ஆற்றின் பெயர் வருகிறது, முதலில் குழி இறங்கிய ஏழு பேரின் பெயர் வருகிறது. அதில் மூன்றாவது பெயர் உன் பூட்டனுடையது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். எந்த மந்திரத்தில் அந்தப் பெயர் வரும்?

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மோரே ஊரை நினைத்துப் பாருங்கள் என்று கமிட்டிக்காரர்களிடம் சொன்னேன். அறுபதுகளில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே இருக்கப் பிடிக்காமல் கால்நடையாகத் திரும்பி வரப் பார்த்தவர்கள், எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூர் ஓரத்திலேயே நின்றுபோனார்கள். நின்ற இடத்தில் அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பினார்கள். வீடு நிரந்தரமா என்று தெரியாத சனம் அது. நமக்கு ஊர் இருக்கிறது, மரம் இருக்கிறது, கல் இருக்கிறது. குழியை மூடுவதா?

காலம் மாறினால் முறையும் மாறத்தான் வேண்டும், அதை நான் எப்போது மறுத்தேன்? கிடா வெட்டு நின்றபோது முதலில் தலையாட்டியவன் நான். சுற்றிலும் புத்த சமயத்தார், பக்கத்திலேயே பொங்கிகள், அதாவது புத்த பிக்குகள், இருக்கும் மடம். ரத்தம் ஓடுவது அவர்களுக்கு வலித்தது. நாமே நிறுத்திக்கொண்டோம், எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் வந்தன. உங்கள் தமிழ்நாட்டில் 1950-லேயே பலியைத் தடுக்கச் சட்டம் போட்டு, தூங்கவிட்டு, 2003-ல் திடீரென்று எழுப்பி, மறு வருஷமே ரத்து செய்தார்கள். இங்கே சட்டமே இல்லாமல் அக்கம்பக்கத்து முகம் பார்த்து நின்றது, இன்றுவரை நின்றபடியே இருக்கிறது. ஆத்தாளும் கோபித்துக்கொள்ளவில்லை. (கிடாத் தொடைக்காக நீ மட்டும் அழுதிருப்பாய்.)

இப்போது நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. நான்கு மழைக்காலமாக அக்காவின் திண்ணையில் உட்கார்ந்து வர்ணிப்பை எழுதி வந்தேன். மூன்று நோட்டு. ஆனால் எல்லாம் தமிழ் எழுத்தில். அந்த நோட்டைக் கையில் வாங்கிப் படிக்க இந்த ஊரில் இப்போது என்னைச் சேர்த்து நாலு பேர். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தது பர்மிய எழுத்து மட்டும். "தாத்தா, பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுவோம்" என்றாள் என் பேத்தி. எனக்கு அடிவயிறு கலங்கிப்போயிற்று. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு யோசித்தேன். பூசாரித் தாத்தாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. காதில் வாங்கி வாயில் வைத்திருந்தார். பாட்டு எழுத்தில் இருந்ததே இல்லை. சரி என்றேன்.

ஆறு பிள்ளைகள், ஐந்து பெண்கள், ஒரு பையன். அவனுக்கு 13 வயது. சாயங்காலம் மெழுகுவர்த்தி வைத்து உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். முதல் வரி:

மாரி மழையாகி வாராளே.

எழுதியதைப் படிக்கச் சொன்னேன். பையன் உரக்கப் படித்தான்: "மாயி மலையாகி வாயாளே."

நமக்குத் தெரிந்த கதைதானே. பர்மிய எழுத்தில் ர இருக்கிறது, வாயில் அது ய ஆகிவிடுகிறது. ரங்கூன் யாங்கோன் ஆனது அப்படித்தான். ழ-வுக்கு எழுத்தே கிடையாது, அவன் ல போட்டிருந்தான். மழையாக வந்தவள் மலையாக வந்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு, நாக்கு நுனி மேலண்ணத்தில் எங்கே படவேண்டும், எங்கே படாமல் சுருண்டு நிற்கவேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினேன். என் பேத்தி ர வருகிற இடங்களில் சிவப்பு மையால் புள்ளி வைத்தாள், ழ-வுக்குச் சின்ன வட்டம். பன்னிரண்டு நாள். 'கரகம்' கடைசிவரை இரண்டு பேர் வாயில் 'கயகம்' என்றுதான் வந்தது. விட்டுவிட்டேன்.

குழி வெட்டினோம். கமிட்டியில் இரண்டு பேர் வரவில்லை, மற்றவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். புளியங்கட்டை விலை கேட்டால் மயக்கம் வரும், கரண்ட் இல்லாததால் எல்லா வீட்டிலும் விறகு அடுப்பு. ஆளுக்கு இரண்டு கட்டை என்று வீடு வீடாக வாங்கினோம். மத்தியானம் கொளுத்தி, சாயங்காலம் பச்சை மூங்கிலால் தட்டி நிரவியபோது பத்து அடி தள்ளி நிற்க முடியவில்லை. முன்னே அறுபது எழுபது பேர் இறங்குவார்களே, இந்த வருஷம் 11 பேர். அதில் ஏழு பேர் பெண்கள். கரகம் எடுத்தது அக்காவின் மருமகள் வழிப் பெண், தீட்டு இல்லாத வீடு.

பதினோராவது ஆள் பக்கத்து வீட்டுப் பர்மியக்காரப் பெண். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது முனீஸ்வரனிடம் நேர்ந்துகொண்டாளாம். அவர்களுக்கு அவர் ஒரு நாட், பர்மியர் கும்பிடும் காவல் தெய்வம் மாதிரி. வீட்டைக் காக்கும் நாட்டான மின் மஹாகிரிக்குச் சிவப்புத் துணி சுற்றித் தேங்காய் தொங்கவிடுகிறார்கள் இல்லையா, அதே போல் ஒரு முழுத் தேங்காயைக் காம்போடு தட்டில் வைத்து, சுற்றி வாழைப்பழச் சீப்பு அடுக்கிக் கொண்டுவந்தாள். நம் ஆள் பழக்கத்தில் உடைக்கக் கையை ஓங்கிவிட்டான். அவள் பதறிப்போய்த் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர்கள் உடைக்க மாட்டார்கள். முழுசாகவே வைத்தோம். மடத்துப் பொங்கியிடம் சொல்லிவிட்டுத்தான் காப்புக் கட்டிக்கொண்டாள். பத்து நாள் விரதம், மஞ்சள் துணி. அவள் இறங்கும்போது பிள்ளைகள் பாடினார்கள், ர-வும் ழ-வும் பாதி சரி பாதி தப்பு. நான் குழி ஓரத்தில் நின்று அழுதேன், கொடிமரம்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குறை. எல்லோரும் இறங்கிய பின் குழியைக் குளிரவைக்கும் பாட்டு ஒன்று உண்டே, ஆத்தாளை மலையேறச் சொல்லி வழியனுப்புவது. அது என் நோட்டில் இல்லை. நான்கு வருஷமும் கேட்டேன். "குழி வெட்டாமல் அதைப் பாடக் கூடாது தம்பி, நெருப்பு இல்லாத இடத்தில் எதைக் குளிரவைப்பது?" என்று அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். திருவிழாவில் பாடும்போது போனில் பிடித்தேன். பம்பைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வருஷம் பால் ஊற்றினோம், மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம், புஸ்ஸென்று ஆவி எழுந்தது, யார் வாயிலும் ஒரு சொல் இல்லை. வந்தவளை வா என்று கூப்பிட்டுவிட்டுப் போய்வா என்று சொல்லாமல் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. இன்றுவரை தூக்கம் பிடிக்கவில்லை.

உன் அம்மா பூசாரித் தாத்தாவுக்குப் பின்பாட்டுப் பாடுவாள். 1964-ல் 50, 100 கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்றாகி, மறு வருஷம் நீங்கள் கப்பலேறியபோது, கழுத்துச் சங்கிலிவரை கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். பாட்டை யாரும் கழற்றியிருக்க முடியாது. சென்னை வியாசர்பாடியில் முதல் குழி வெட்டியபோது அவள்தான் பாடினாள் என்று நீயே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய். உன் தங்கச்சி அப்போது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். அவளைக் கேள். இரண்டு வரி தெரிந்தாலும் போதும், மூன்றாவது தானாக வரும்.

ஆனால் வீட்டில் உட்காரவைத்துப் பாடச் சொல்லாதே. ஆடியில் உங்கள் தெருவில் தீமிதி இருக்குமே, அப்போது அவளைக் குழி ஓரம் அழைத்துப் போ. பால் ஊற்றும் நேரத்தில் பாடட்டும். பம்பைக்காரனை இந்தப் பக்கம் வரவிடாதே, போனை அவள் வாயருகே பிடி. பிடித்ததும் அனுப்பு. இங்கே ஆறு பிள்ளைகள் சிவப்பு மைப் பேனாவோடு காத்திருக்கிறார்கள்.

உன் பழைய கூட்டாளி