இரண்டு பெட்டியோடு வந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமெரிக்கா வாழ் தமிழ் நண்பர்களே,

விருந்துகளில் கறுப்பின மக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "நாமும் இரண்டு பெட்டியோடுதானே வந்தோம், முன்னேறவில்லையா? இவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது." நானும் ஒரு காலத்தில் தலையாட்டியவன்தான்.

சேமிப்பிலிருந்தே தொடங்குகிறேன். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1865 மார்ச்சில் ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி உருவானது. சட்டத்தில் கையெழுத்திட்டவர் லிங்கன். துணி வெளுத்து, வயலில் உழைத்து, படையில் சம்பளம் வாங்கிச் சேர்த்த காசை மக்கள் அதில் போட்டார்கள். அரசாங்கமே பொறுப்பு என்று நம்பினார்கள். அப்படி நம்பும்படிதான் விளம்பரமும் இருந்தது. நிர்வாகிகளோ வேண்டியவர்களுக்கெல்லாம் கடனை வாரி இறைத்தார்கள். 1874-இல் வங்கி மூடப்பட்டபோது 61,000-க்கும் மேற்பட்டோரின் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. பலருக்குக் கடைசிவரை முழுத்தொகை கிடைக்கவில்லை. தாத்தா இப்படி ஏமாந்த வீட்டில், வங்கி என்றதும் பேரனுக்கு என்ன தோன்றும்?

சரி, நிலம்? 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் தளபதியான ஜெனரல் ஷெர்மன், விடுதலை பெற்ற ஒவ்வொரு கறுப்பினக் குடும்பத்துக்கும் 40 ஏக்கர் வரை ஒதுக்கினார். அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிவிட்டார். இழப்பீடும் கொடுத்தார்கள். 1862-இல், வாஷிங்டனில், விடுவிக்கப்பட்ட ஒவ்வோர் அடிமைக்கும் 300 டாலர் வரை. வாங்கியவர், அடிமையை வைத்திருந்தவர்!

அப்புறம், முதலாளியின் நிலத்தில் உழுது விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரச் சாகுபடி, தீராத கடைக்கடன். 1930-களில் கறுப்பர்கள் குடியிருந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக்கி, வீட்டுக்கடனுக்கு ஆகாதவை என்று ஒதுக்கினார்கள். வீடுதான் இங்கே நடுத்தரக் குடும்பத்தின் சொத்து என்பது தவணை கட்டும் உங்களுக்குத் தெரியாததா? 2022-இல் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து சுமார் 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு சுமார் 45,000 என்கிறது மத்திய வங்கியின் கணக்கெடுப்பு.

நம் பெட்டிக்குள் பட்டச் சான்றிதழ் இருந்தது. அதுவும் 1965-க்கு முன் செல்லுபடியாகியிருக்காது. 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு 100 பேர்தான் குடியேறலாம். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடி 1964-இல், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தைப் பெற்றார்கள். புதிய குடியேற்றச் சட்டத்தால் நமக்குக் கதவு திறந்தது மறுவருஷம், அதே அலையில்.

அடிமைத்தனத்துக்கான இழப்பீடு பற்றி ஆராய ஒரு குழு அமைக்கச் சொல்லும் மசோதாவை, இன்று எச்.ஆர். 40 எனப்படுவதை, நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் கானியர்ஸ் 1989-இல் முதலில் கொண்டுவந்தார். பணம் கொடுக்கக்கூட இல்லை, ஆராயத்தான். இன்னும் நிறைவேறவில்லை. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதுபற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்