காம்ப்ளக்ஸிலிருந்து புறப்படும் முன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி சந்திப்பில் எங்கள் ஸ்டுடியோ இருக்கும் காம்ப்ளக்ஸை இடித்துக் கட்ட உரிமையாளர் முடிவு செய்திருப்பதால், வரும் தை முதல் தேதியிலிருந்து கடை பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் இயங்கும். இதை ஒரு போஸ்ட் கார்டில் முடித்திருக்கலாம். உங்கள் நெகடிவ்கள் எங்களிடம் இருப்பதால் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த காலத்தை உங்களில் பலர் அறிவீர்கள். லோயர், ஹையர் தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் வேண்டுமென்று அங்கிருந்து இறங்கிவந்த பிள்ளைகளால்தான் எங்கள் பாஸ்போர்ட் சைஸ் வியாபாரமே நடந்தது. படிக்கட்டுக்கு அடியில் கேசட் கடை. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால், 60 நிமிடக் கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தக் கணக்குப் போட்டு, கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாதபடி நீளமானதை எடுத்துச் சின்னதைச் சேர்த்துப் பதிந்து தருவதில் அந்தக் கடைக்காரருக்கு நிகர் இல்லை. எதிரே வெளியூருக்குப் போன் பேசும் எஸ்.டி.டி. பூத், இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் கால் பங்காகும் என்பதால், பம்பாயிலுள்ள பிள்ளைகளுடன் பேச வந்தவர்கள் அந்நேரத்திலும் வரிசையில் நிற்பார்கள். அவர்களை நம்பியே டீக்கடை அடைக்காமல் இருந்தது.

செல்போன் வந்து பூத் போயிற்று, எம்.பி.3 வந்து கேசட் கடை போயிற்று. ஒரு கடை அடுத்த கடைக்கு ஆள் அனுப்பிய இடம் இது என்பதால், ஒன்று மூடியபோது மற்றதற்கும் வரவு குறைந்தது. புறவழிச்சாலையில் எழுந்த பெரிய கடைகளைப் பலர் காரணம் சொல்கிறார்கள். எங்களுக்கு அது முழுதும் சரியாகத் தோன்றவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் நடப்பதே காம்ப்ளக்ஸ் வியாபாரம், சந்திப்புப் பேருந்து நிலையமோ புதுப்பிப்புக்காக ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் சந்திப்புக்குள் புகுந்தபோது நெகடிவ் பெட்டிகள் பரணில் இருந்ததால் தப்பின. ஆயினும் ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் நெகடிவின் அசிட்டேட் பிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறும். காடி (வினிகர்) நெடி அடிப்பது அதனால்தான். அது அருகிலுள்ள சுருள்களையும் கெடுக்கும் என்பதால், நெடி வீசும் பட்டர் பேப்பர் உறைகளைத் தனியே பிரித்து வைத்திருக்கிறோம். அவற்றுக்கு உரியவர்கள் முந்தி வருவது நல்லது.

உங்கள் வீட்டுப் படத்தின் பின்புறம் எங்கள் முத்திரைக்குக் கீழே பென்சிலில் எழுதிய எண் இருக்கும். அதைச் சொன்னால் நெகடிவைக் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளலாம். ஸ்கேன் செய்து தருவதற்கு மட்டும் கட்டணம் உண்டு. எண் அழிந்திருந்தால் கல்யாணம் நடந்த ஆண்டும் மண்டபத்தின் பெயரும் போதும், பதிவேட்டில் தேடித் தருவோம். வெளியூரில் இருப்பவர்கள் கையொப்பமிட்ட கடிதத்துடன் உறவினரை அனுப்பலாம். மார்கழி முடியும் வரை பழைய கடையிலும், பிறகு தெற்கு பஜாரிலும் வாங்கிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஸ்டுடியோ நிர்வாகத்தார்