இவ்வாரப் பயிற்சி வினாக்கள்: தாழ்சர்க்கரை, மூச்சுத் திணறல், படுக்கைப் புண்

குழு உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். செவிலியர் தேர்வுக்கான இவ்வாரத்தின் பத்து வினாக்கள் இன்று மாலை பதிவிடப்படும். அதற்கு முன் சிலவற்றை நினைவூட்ட விரும்புகிறேன்.

இன்சுலின் போட்டுக்கொண்ட நோயாளிக்கு வியர்வையும் கை நடுக்கமும் படபடப்பும் தோன்றி, குளுக்கோமீட்டர் (இரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி) 58 மி.கி./டெ.லி. எனக் காட்டினால், அது தாழ்சர்க்கரை, அதாவது இரத்தச் சர்க்கரை மிகக் குறைந்த நிலை. அப்போது அவர் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். விழுங்க முடிந்தால், 15 கிராம் குளுக்கோஸையோ அதற்கு ஈடான பழச்சாற்றையோ கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதித்து, அளவு 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் கொடுக்க வேண்டும். நினைவு தவறியவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. புரையேறும் ஆபத்து உண்டு. அவருக்கு மருத்துவர் ஆணைப்படி சிரைவழி டெக்ஸ்ட்ரோஸோ (குளுக்கோஸ் கரைசல்) குளுக்ககான் ஊசியோ (இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோன்) தேவைப்படும். இந்த வேறுபாடு வார்டில் உயிரைக் காப்பது என்பதால், இதை வேண்டுமென்றே இரண்டு வினாக்களாகக் கேட்டிருக்கிறேன்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவின் இலக்கு பொதுவாக 88 முதல் 92 விழுக்காடு என்பதை மறவாதீர்கள். படுக்கைப் புண்ணைப் பொறுத்தவரை, சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது திசுவை மேலும் சிதைக்கும்.

விடையோடு அதற்கான காரணத்தையும் ஒரு வரியிலாவது எழுதுங்கள். நோயாளிகளின் பெயரையோ படத்தையோ இங்கே பகிர வேண்டாம்.