பொருந்துமா என்று முதலில் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பைக் ஓட்டுவோருக்கான துணைப்பொருள்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதும்போது எது புதிது, எது உறுதியானது என்பதே முன்னால் வந்து நிற்கிறது. வாங்குபவரின் உடம்புக்கும் அவருடைய வண்டிக்கும் அது பொருந்துமா என்பதை யாரும் எழுதுவதில்லை. தரமான பொருளும் பொருத்தம் இல்லாவிட்டால் விழும்போது உதவாது. கருவியாக இருந்தால் வண்டியையே கெடுத்துவிடும்.

ஹெல்மெட்டில் இருந்து தொடங்குகிறேன். ஒரு கம்பெனியின் ‘எம்’ இன்னொரு கம்பெனியின் ‘எல்’லாக இருக்கும். ஆகவே புருவத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் மேலே, பின்மண்டையின் துருத்திய பகுதியைச் சுற்றி நாடா பிடித்து அளந்து, அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். புது ஹெல்மெட் கன்னங்களை நன்றாக அழுத்த வேண்டும். மென்று பார்த்தால் உட்கன்னம் பல்லில் படும் அளவுக்கு இருக்கலாம். கால் மணி நேரம் போட்டபடியே இருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலி எடுத்தால் அது உங்கள் தலையின் வடிவத்துக்கு ஒத்துவராத மாடல். ஓர் அளவு பெரிதாக எடுப்பது அதற்குத் தீர்வு ஆகாது, வேறு மாடலைத்தான் பார்க்க வேண்டும். வாரை மாட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே தூக்கி முன்னால் தள்ளும்படி கூட இருப்பவரிடம் சொல்லுங்கள். அப்போது கழன்று வருகிற ஹெல்மெட் விபத்திலும் கழன்றுவிடும்.

மோதலின் வேகத்தைத் தாங்குவது வெளி ஓட்டைவிட உள்ளே இருக்கும் தெர்மாகோல்தான். அது நசுங்கித்தான் காப்பாற்றும்; நசுங்கியது திரும்ப உப்பாது. தலையோடு சேர்த்து ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லை என்றாலும் மாற்றிவிட வேண்டும். பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைத்தால் பாலிகார்பனேட் ஓடு வலுவிழக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

ஜாக்கெட்டைக் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. வண்டியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தபடி பார்க்க வேண்டும். கையை நீட்டியதும் சட்டைக்கை மேலே ஏறி, முழங்கைக் காப்பு (உள்ளே வைத்த பாதுகாப்புத் திண்டு) மேற்கைக்கு நகர்ந்துவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான். காப்பில் ‘இ.என். 1621-1’ என்ற ஐரோப்பியத் தரக்குறியும் நிலை எண்ணும் இருக்கும். சோதனை அடியில் உடம்புக்குக் கடந்து வரும் சராசரி விசை முதல் நிலையில் 35 கிலோநியூட்டன் வரை, இரண்டாம் நிலையில் 20 வரை. பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையைத் திறந்தால் வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். ‘1621-2’ குறி உள்ள முதுகுக் காப்பைத் தனியாக வாங்க நேரும். விழும்போது யாரும் முதலில் கையைத்தான் ஊன்றுவோம் என்பதால் கையுறையில் உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கிச் செல்லும் கடினமான பட்டை இருக்க வேண்டும். மணிக்கட்டு வாரை இறுக்கியபின் இழுத்தால் உருவி வரக் கூடாது. ஷூ கணுக்காலை மூட வேண்டும்.

பராமரிப்புக் கருவிகளில் முதலில் வாங்க வேண்டியது காற்றழுத்த மானி. டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆறியதும் குறைந்துபோகும்.

பங்க்சர் கிட் டியூப்லெஸ் டயருக்கு மட்டும். கம்பிச் சக்கர வண்டிகளில் பெரும்பாலும் டியூப் இருக்கும், அங்கே டயர் லீவரும் ஒட்டுத் துண்டும் பம்பும் வேண்டும். ஆணி எந்தச் சாய்வில் போயிருக்கிறதோ அதே சாய்வில் துளையைக் குடைய வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இன்னொரு துளை விழும். ஒட்டும் ரப்பர் திரியை ஊசியில் கோத்துச் செருகி, வெளியே ஒரு சென்டிமீட்டர் விட்டு ஊசியை வெடுக்கென்று இழுத்து, காற்றடித்தபின் எச்சில் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் துளை என்றால் திரி நிற்காது. அந்த இடம் ஓடும்போது ஓயாமல் வளைந்துகொண்டே இருக்கும். கிட்டில் உள்ள ரப்பர் பசை, ஒருமுறை திறந்தால் சில மாதங்களில் காய்ந்துவிடும். அதை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். இணைப்புகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோலும் கம்பிப் பிரஷும் எமன். ரப்பர் வளையம் போய்விட்டால் உள்ளே அடைத்த கிரீஸும் போய்விடும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். சென்டர் ஸ்டாண்டிலோ, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்தி, என்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். என்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுத் துடைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். துணி செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே சிக்கும், அந்தத் துணியோடு விரலும் போகும். லூப்ரிகன்டை கீழ்ச் செயினின் உட்புறத்தில் அடிக்க வேண்டும், சுழலும்போது அது தானே வெளிப்பக்கம் பரவும். ஓடி வந்து செயின் சூடாக இருக்கும்போது அடித்து இரவு முழுக்க விட்டால் டயரில் தெறிக்காது.

செயினின் தொய்வு பல சாலை வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள ஸ்டிக்கரிலோ இருக்கும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். ஆள் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். ஆகவே விறைப்பாக வைத்தால் கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்தான் முதலில் அடிவாங்கும். ஆக்சில் நட்டை இறுக்கியதும் தொய்வு மாறும், மறுபடி அளக்காமல் விடாதீர்கள்.

நட்டு, போல்ட்டுகளைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆகாது. ஆக்சிலுக்கு 20–100 நியூட்டன் மீட்டர் கருவி சரி. 10 நியூட்டன் மீட்டரில் நிற்க வேண்டிய சிறு போல்ட்டுக்கு 5–25 வேண்டும், பெரியதைப் போட்டால் அலுமினியத்தில் மரை உரிந்துவிடும். கழற்ற டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். ஜப்பானிய வண்டிகளின் கூட்டல்குறித் திருகுகளில் தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர வகை. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக இறங்காமல் எகிறித் தலையை மழுக்கிவிடும்.

என்ஜின் ஆயில் டின்னில் ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்க வேண்டும், கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டிகளுக்கு. உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கி என்ஜின் இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது. பிரேக் ஆயிலில் ‘டாட்’ என்ற தரப் பெயரே ஏமாற்றும்: டாட் 4, டாட் 5.1 இரண்டும் கிளைக்கால் வகை, நடுவில் உள்ள டாட் 5 சிலிக்கோன். அதை மற்ற இரண்டோடு கலக்கவே கூடாது. டாட் 4 காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காத அது, ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது லீவர் கைப்பிடி வரை அமுங்குவது அதனால்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், சீல் உடைக்காத சிறிய டப்பாவாக வாங்குங்கள். பாதி மீந்த டப்பா அடுத்த முறைக்கு ஆகாது.

இனி இத்தகைய பொருள்களை அறிமுகம் செய்யும்போது எந்த வகை வண்டிக்கு, எந்த அளவுக்கு என்று ஒரு வரியாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்